மருந்துக்கு அடங்காத கிருமிகள்

(தோட்டக் கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கிளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

சம்பளம், போனஸ், வீடு ஆகியவற்றைப் பற்றித் தலைவர் அவர்கள் விரிவாகப் பேசிவிட்டார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் நான் பேசப்போவது, கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றி. "கிராணிக்கு எதற்கு வைத்தியப் பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. நான் டாக்டர் அல்ல. தமிழ்ப் பள்ளியில் படித்து, செக்ரோல் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் இந்த விஷயத்தில் தவறு செய்தவர்களில் நானும் ஒருவன். அந்தத் தவறை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு மற்றதைப் பேசுகிறேன்.

பல ஆண்டுகளாக என் மேஜை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதில் மிச்சம் மீதி மாத்திரைகள் கிடந்தன. எனக்குக் கொடுத்தது, என் மனைவிக்குக் கொடுத்தது, யாரோ பாதி தின்றுவிட்டு வைத்துப்போனது, எல்லாம் அதில் இருந்தன. பிரட்டுக்கு வரும் தோழர் ஒருவர், "கிராணி ஐயா, தொண்டை வலிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது" என்றால் இரண்டு மாத்திரை எடுத்துக் கொடுப்பேன். அவரும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போய்விடுவார். உதவி செய்தேன் என்றுதான் நினைத்தேன். எத்தனை பேருக்குக் கொடுத்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்கிற கிராணி, இதற்கு மட்டும் வைக்கவில்லை.

என் தகப்பனாருக்கும் அந்த டின்னிலிருந்துதான் கொடுத்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர் அவர். இனிப்பு நீர்க்காரர். காலில் கட்டை குத்திப் புண்ணானபோது, மூன்று நாள் மாத்திரை கொடுத்தேன். வலி குறைந்ததும் நிறுத்திவிட்டார். இரண்டு வாரத்தில் கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புண்ணிலிருந்து எடுத்த சீழைச் சோதித்துவிட்டு டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். அதில் வரிசையாக மருந்துகளின் பெயர்கள். பெரும்பாலான பெயர்களுக்கு எதிரே 'ஆர்' என்ற ஓர் ஆங்கில எழுத்து. "இந்த எழுத்துப் போட்ட மருந்துகளெல்லாம் உங்கள் அப்பாவின் புண்ணில் உள்ள கிருமியிடம் செல்லாது" என்றார். நான் அந்தத் தாளை, ஆள் வராத நாளுக்குக் கோடு போட்ட செக்ரோலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன். முடிவில் இரண்டு விரல்களை எடுத்த பிறகே உயிர் பிழைத்தார். இதோ, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தக் கிருமி என் மாத்திரையால் வளர்ந்ததா, ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்டதா, சாப்பாட்டில் வந்ததா என்று டாக்டர் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது என்றார். ஆகவே என்னை நானே தண்டித்துக்கொள்ளவும் முடியவில்லை, மன்னித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஒன்றைத்தான் செய்ய முடிந்தது. படித்தேன். படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

தோழர்களே! கிருமிக்கு மருந்து ஏன் தோற்கிறது? இதை நமக்குக் களைக்கொல்லி அடிக்கும் தாய்மார்களே விளக்கிச் சொல்லிவிடுவார்கள். ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் அடித்த இடத்தில், ஆயிரம் புல் சாகும். எங்கோ ஒன்று சாகாமல் நிற்கும். அந்த ஒன்று விதை விடும். பிறகு அந்த இடம் முழுவதும் சாகாத புல்லாகவே முளைக்கும். கிளைஃபோசேட் மருந்துக்குச் சாகாத ஒரு வகைப் புல் நம் மலேசியாவிலேயே 1990களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டது. மருந்து அந்தப் புல்லை உண்டாக்கவில்லை. மற்றப் புல்லையெல்லாம் கொன்று, அதற்கு இடம் ஒழித்துக் கொடுத்தது. அவ்வளவுதான். ஆன்டிபயாட்டிக் என்று டாக்டர்கள் சொல்லும் கிருமிக்கொல்லி மருந்தும் உடம்புக்குள் இதையேதான் செய்கிறது. தேவையில்லாமல் தின்றாலும், போதாமல் தின்றாலும், சாகாத கிருமிக்கு நாமே இடம் ஒழித்துக் கொடுக்கிறோம்.

கிருமி புல்லைவிடத் தந்திரமானது. சாகாத புல் தன் விதைக்குத்தான் அந்தக் குணத்தைக் கொடுக்கும். கிருமியோ, பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடுகிறது. பிளாஸ்மிட் என்ற சிறு வளையம் அதன் உடலுக்குள் இருக்கிறது. மருந்தை எதிர்க்கும் வித்தை அதில் எழுதப்பட்டிருக்கும். ஆபீசில் ஒரு சுற்றறிக்கையை நகல் எடுத்து அடுத்த தோட்டத்துக்கு அனுப்புவதுபோல, ஒரு கிருமி அந்த வளையத்தை நகல் எடுத்து அடுத்ததற்குத் தருகிறது. ஆகவே தீங்கு செய்யாத கிருமியும் இந்த நகலைச் சுமந்து திரிந்து, ஒரு நாள் தீங்கு செய்யும் கிருமியின் கையில் கொடுத்துவிடலாம்.

இதெல்லாம் நேற்று வந்த ஆபத்தல்ல. பென்சிலின் மருந்தை 1928இல் லண்டனில் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்றபோது அவர் ஆற்றிய உரையில் ஓர் எச்சரிக்கைக் கதை சொன்னார். ஒருவனுக்குத் தொண்டை வலி. தானே பென்சிலின் வாங்கித் தின்கிறான். கிருமியைக் கொல்லும் அளவு தின்னவில்லை. அது பழகிக்கொள்ளும் அளவே தின்கிறான். அந்தக் கிருமி அவன் மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா. டாக்டர் பென்சிலின் கொடுக்கிறார், பலிக்கவில்லை. அவள் இறந்துபோகிறாள். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று அவர் கேட்டார். இதைப் படித்தபோது, என் பிஸ்கட் டின்னைப் பார்த்துத்தான் அவர் பேசியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

அவர் சொன்னது நடந்தது. பென்சிலினை முறிக்கும் கிருமிகளுக்கென்றே மெத்திசிலின் என்ற புது மருந்து 1959இல் வந்தது. அதற்கும் அடங்காத கிருமி 1961இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டு! 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர், மருந்துக்கு அடங்காத கிருமிகள் நேரடிக் காரணமாக இறந்தார்கள் என்று விஞ்ஞானிகள் 2022இல் கணக்கிட்டு வெளியிட்டார்கள்.

இந்தக் கிருமிகள் நம்மிடம் வருவதற்குப் பல வழிகள் உண்டு. இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று ஆஸ்பத்திரி, மற்றொன்று சோற்றுத் தட்டு. இரண்டுக்கும் 2011ஆம் ஆண்டிலேயே சாட்சி இருக்கிறது.

முதலில் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் பெதெஸ்டா என்ற ஊரில், அரசாங்கத்தின் தேசியச் சுகாதார ஆராய்ச்சி நிலையம் நடத்தும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. உலகில் சிறந்த டாக்டர்கள் வேலை செய்யும் இடம். 2011 ஜூனில் நியூயார்க்கிலிருந்து ஒரு பெண் நோயாளி அங்கே மாற்றப்பட்டார். கடைசி மருந்தாக வைத்திருக்கும் மருந்துகளுக்கும் அடங்காத கிளெப்சியெல்லா என்ற கிருமி அவரிடம் இருந்தது. இது முதலிலேயே தெரியும். தனி அறையில் வைத்தார்கள். உறையும் அங்கியும் போட்டுப் பார்த்தார்கள். அவர் குணமாகி வீட்டுக்கும் போய்விட்டார். ஆபத்து ஒழிந்தது என்று நினைத்தார்கள். சில வாரம் கழித்து வேறொருவரிடம் அதே கிருமி! அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராக மொத்தம் 18 பேர். அவர்களில் 11 பேர் இறந்தார்கள். 6 பேரின் சாவுக்கு இந்தக் கிருமியே காரணம் என்று முடிவு செய்தார்கள்.

எல்லாக் கிருமியும் முதல் நோயாளியிடமிருந்து வந்தவையே என்பதைக் கிருமிகளின் மரபு எழுத்துகளை ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். நோய்க்குறி இல்லாமலே சிலர் கிருமியைச் சுமந்திருந்தார்கள். கைகழுவும் தொட்டியின் வடிகாலில் கிருமி இருந்தது. சுத்தம் செய்து வைத்த சுவாச இயந்திரத்திலும் இருந்தது. பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? நோயாளிகளைப் பிரிக்கச் சுவர் எழுப்பினார்கள். வடிகாலைப் பெயர்த்தார்கள். அறைக்குள் போகிறவர்கள் கை கழுவுகிறார்களா என்று பார்ப்பதற்கென்றே ஆள் வைத்தார்கள். டாக்டராக இருந்தாலும் சரி, கூட்டுகிறவராக இருந்தாலும் சரி, எல்லாருடைய கையையும் பார்த்தார்கள். மருந்து கைவிட்ட இடத்தில், கை கழுவுவதே காவலாக நின்றது.

இங்கே ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் படுக்கையைத் துடைப்பவர், தொட்டியைத் தேய்ப்பவர் யார்? நம்மைப் போன்ற தொழிலாளி. ஒரே ஆளை மூன்று வார்டுக்கு ஓடவிட்டு, தேய்க்க நேரம் கொடுக்காமல், உறையையும் மிச்சம்பிடித்தால் அங்கே எந்த மருந்து காப்பாற்றும்? துப்புரவுத் தொழிலாளியின் வேலைச் சுமை நோயாளியின் உயிர்ப் பிரச்சினை. ஆகவே அவர்கள் கூடுதல் ஆள் கேட்டுக் குரல் கொடுக்கும்போது, தோட்டத் தொழிலாளியும் உடன் குரல் கொடுக்க வேண்டும்.

அடுத்து, சோற்றுத் தட்டு. அதே 2011 மே மாதத்தில், ஜெர்மனியின் வட பகுதியில் மக்கள் இரத்த வயிற்றுப்போக்கால் விழுந்தார்கள். 3,800க்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். 800க்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. 50க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். காரணம் ஈ-கோலை இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி. பென்சிலின் வகை மருந்துகளையும், செஃபலோஸ்போரின் என்ற அடுத்த வகையையும் முறிக்கும் வளையம் அதனிடம் இருந்தது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: அந்த மக்களைக் கொன்றது அதன் நஞ்சு, மருந்து எதிர்ப்பு அல்ல. ஆனால் அத்தகைய எதிர்ப்பு, பச்சைக் காய்கறியில் ஏறிச் சாப்பாட்டு மேஜைக்கே வரும் என்பதை உலகம் கண்டுகொண்டது.

எந்தக் காய்கறி? முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் என்றார்கள் ஹம்பர்க் நகர அதிகாரிகள். அவ்வளவுதான், ஸ்பெயின் வெள்ளரியை யாரும் தொடவில்லை. காய்கள் குப்பையில் கொட்டப்பட்டன. விவசாயிகளும் பறிக்கும் கூலிகளும் தெருவில் நின்றார்கள். சில நாளில் சோதனை முடிவு வந்தது: வெள்ளரியில் இருந்தது அந்தக் கிருமியே அல்ல! பிறகு ஐரோப்பிய ஒன்றியம் காய்கறி விவசாயிகளுக்கு நஷ்ட ஈடாக 21 கோடி யூரோ ஒதுக்க நேர்ந்தது.

உண்மைக் குற்றவாளியைப் பிடித்தது எது? கிராணிமார்களே, கேளுங்கள்: கணக்குச் சீட்டு! என்ன சாப்பிட்டீர்கள் என்று நோயாளிகளைக் கேட்டால், பலருக்கு நினைவில்லை. ஆகவே ஓர் உணவகத்தில் குழுவாகச் சாப்பிட்டவர்களின் பில்களை எடுத்து, எந்த உணவில் என்னென்ன போட்டார்கள் என்று சமையற்காரரைக் கேட்டு ஒப்பிட்டார்கள். முளைகட்டிய தானியம் சேர்ந்த உணவைத் தின்றவர்களே நோயுற்றிருந்தார்கள். அதை வளர்த்த பண்ணை லோயர் சாக்சனி மாநிலத்தில் இருந்தது. ஜூன் மாதம் பிரான்சிலும் இதே நோய் வந்தது. இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்தது ஒரு விதை மூட்டை. 2009இல் எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தயம் அது. அதுவே பெரும்பாலும் காரணமாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் முடிவு சொன்னது. ஆம் தாய்மார்களே, நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற வெந்தயம்தான். வெந்தயத்தின்மேல் குற்றமில்லை. விதையில் ஒட்டிய கிருமி, முளைகட்டும் ஈரத்திலும் சூட்டிலும் பல்லாயிரமாகப் பெருகிவிடுகிறது. கழுவினாலும் முழுவதும் போவதில்லை. நாம் தாளித்துப் போடும் வெந்தயம் வேறு. வேகாமல் தின்னும் முளை வேறு.

ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகர விஞ்ஞானிகள் 2018இல் இன்னொன்றும் வெளியிட்டார்கள். கடையில் வாங்கிய கலவைக் கீரை, ஒரு வகைக் கசப்புக் கீரை, கொத்தமல்லி ஆகியவற்றைச் சோதித்தார்கள். டெட்ராசைக்ளின் என்ற மருந்தை எதிர்க்கும் வளையங்கள் அவற்றில் இருந்த கிருமிகளிடம் இருந்தன; அவை ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியவை.

கீரைக்கு இவை எப்படி வருகின்றன? கால்நடைக்கும் கோழிக்கும் மருந்து கொடுக்கிறார்கள். எருவில் கிருமியும் மருந்தின் மிச்சமும் வருகின்றன. அந்த எருவும் அழுக்குத் தண்ணீரும் பாத்திக்குப் போகின்றன. 2015இல் சீனாவில், கொலிஸ்டின் என்ற கடைசி மருந்தை எதிர்க்கும் தாவும் வளையத்தைப் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டார்கள். நோயில்லாத பிராணியைக் கொழுக்க வைக்கத் தீவனத்தில் கலந்த மருந்து அது! நம் மலேசியா 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தீவனத்தில் அதைத் தடை செய்தது. நல்ல காரியம். பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம்.

அன்பர்களே, பயமுறுத்துவது என் நோக்கமல்ல. கீரை தின்னாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள் என்று எவனாவது சொன்னால், அவன் உங்களுக்குக் கெடுதி செய்கிறான். நல்ல செய்தி ஒன்று உண்டு. மருந்துக்கு அடங்காத இந்தக் கிருமி, நெருப்புக்கு அடங்கும். நன்றாக வெந்த கீரையில் அது சாகும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய கையை விட்டு ஓடும். ஆகவே வீட்டில் செய்ய வேண்டியது இவை:

காய்ச்சலுக்கும் சளிக்கும் நாமாகக் கிருமிக்கொல்லி மருந்து தின்னக் கூடாது. சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரசால் வருவது. அதனிடம் இந்த மருந்து எதுவும் செய்யாது. நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டப்படி இவற்றை டாக்டர் சீட்டில்லாமல் கடையில் விற்கக் கூடாது. டாக்டர் கொடுத்தால், அவர் சொன்ன அளவை, சொன்ன நாள் வரையில் தின்ன வேண்டும். மிச்சத்தை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. லயத்துப் பின்பாத்திக்குப் பச்சைக் கோழி எருவைப் போடாமல், நன்றாக மக்கவிட்டுப் போட வேண்டும். பச்சையாகத் தின்பதை ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போனால், போகும்போதும் வரும்போதும் கை கழுவ வேண்டும்.

ஆனால் தோழர்களே, இத்தோடு நான் உட்கார்ந்துவிட்டால் அது அரைப் பேச்சு. சுகாதாரம் என்று வந்துவிட்டால் "தொழிலாளிக்குச் சுத்தம் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போவது பலருக்குச் சுலபம். நான் கேட்கிறேன்: குழாயில் தண்ணீர் வராத லயத்தில் எப்படிக் கை கழுவுவது? 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், தோட்ட முதலாளி வீடுகளுக்குப் போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. அது தர்மம் அல்ல, சட்டம். அமோனியா வாடையும் பாலும் ஒட்டிய கையோடு வேலைக்காட்டிலேயே சோறு தின்கிறோம். அங்கே ஒரு தொட்டித் தண்ணீரும் ஒரு சோப்பும் கேட்பது பேராசையா?

இரண்டு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு காய்ச்சலோடு ஏன் வேலைக்குப் போகிறோம்? ஒரு நாள் கூலி போகுமே என்ற பயம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சீட்டு இருந்தால் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டு வேலை செய்தவருக்கு 18 நாள். ஐந்து ஆண்டுக்கு மேல் 22 நாள். இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கிராணிமார்களே, இதைச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை. நான் மாத்திரை கொடுத்த ஒவ்வொரு தோழருக்கும் உண்மையில் கொடுத்திருக்க வேண்டியது, கிளினிக்குக்குப் போக ஒரு சீட்டு.

இன்னொன்று. நோய் வந்தால் பழி போட ஆள் தேடுவது மனித வழக்கம். ஜெர்மனி ஸ்பெயின்காரனைத் தேடியது. நம் தோட்டத்தில் சிலர் பக்கத்து லயத்து வங்காளதேசத்துத் தோழரையும் இந்தோனேசியத் தோழரையும் காட்டுகிறார்கள். நூறு ஆண்டுக்கு முன் கப்பலில் வந்த நம் பாட்டன்மாரைக் காட்டிய விரலும் இதே விரல்தான். அதை நாம் மறந்துவிடலாகாது. கிருமிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அவர்கள் லயத்துக் குழாய் வறண்டால், நம் லயத்துக்கும் ஆபத்துத்தான். தண்ணீர் கேட்டால் எல்லா லயத்துக்கும் சேர்த்தே கேட்போம்.

ஆகவே இக்கூட்டத்தின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். எல்லா லயங்களுக்கும் தடையில்லாத குழாய்த் தண்ணீர்; வேலைக்காட்டில் கை கழுவத் தண்ணீரும் சோப்பும், அதற்கு வேலை நேரத்திலேயே பத்து நிமிடம்; நோய் விடுப்பு விவரத்தைத் தமிழிலும் மற்ற தொழிலாளர் மொழிகளிலும் ஆபீஸ் பலகையில் ஒட்டுவது. இம்மூன்றையும் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்போம். கடிதத்தை நானே எழுதுகிறேன்.

அந்தப் பிஸ்கட் டின்னில் இருந்ததையெல்லாம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒப்படைத்துவிட்டேன். இப்போது அதில் நோய் விடுப்புப் பாரங்கள் இருக்கின்றன. காய்ச்சல் என்றால் வாருங்கள், எடுத்துத் தருகிறேன்.